காலி இடம் குறைகிறது என்று ஃபைல் சர்வர் கத்தினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஃபைல் சர்வரிலிருந்து "டிஸ்கில் இடம் குறைவு" என்று அலர்ட் வந்தால் பொதுவாக நடப்பது இரண்டில் ஒன்று. கண்ணில் பட்ட பெரிய ஃபைல்களை யாராவது அழிப்பார்கள், இல்லையென்றால் 10 சதவீதம் காலி என்று இருக்கும் அலர்ட் வரம்பை 5 ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். இரண்டுமே சில சமயம் சரியான வேலைதான், ஆனால் இடம் எங்கே போனது என்று தெரிவதற்கு முன்னால் இரண்டையும் செய்யக்கூடாது. வரம்பு என்று நாம் வைக்கிற எண், "டிஸ்க் நிரம்ப இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்குள் என்னால் எதையாவது செய்து முடிக்க முடியுமா" என்ற கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன 10 சதவீதம் தற்செயலாகத்தான் அதற்குப் பொருந்தும்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகிறேன், உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். விண்டோஸ் சர்வரும் லினக்ஸும் கலந்துதான் வரும், ஏனென்றால் பல இடங்களில் இரண்டும் பக்கத்து பக்கத்தில்தான் ஓடுகின்றன.

"ஏற்கெனவே நிரம்பிவிட்டது, யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை"

உடனே அழிக்க ஓடாதீர்கள். எழுதிக்கொண்டிருப்பது யார் என்று முதலில் பாருங்கள். ஒரு பேக்கப் வேலையோ, கட்டுக்கடங்காத லாகோ (சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டே போகும் பதிவு ஃபைல்), தன் பழைய கம்ப்யூட்டரின் முழு டிஸ்கையும் ஷேரில் காப்பி செய்யும் ஒரு யூசரோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் விடுவிக்கும் ஒவ்வொரு ஜிபியையும் அதுவே விழுங்கிவிடும். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பகுதி எந்த ஃபைலில் எவ்வளவு வேகமாக எழுதப்படுகிறது என்று காட்டும். ஷேர் வழியாக வருவது என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓப்பன் ஃபைல்ஸ் போய்ப் பாருங்கள், யூசர் பெயரே தெரியும். லினக்ஸில் "ஐஓடாப்" எந்த ப்ராசஸ் என்று சொல்லும், சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸ் யூசர்களுக்கு ஷேர் கொடுக்கும் சாஃப்ட்வேர்) என்றால் "எஸ்எம்பிஸ்டேட்டஸ்" யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று சொல்லும். அதை நிறுத்துங்கள், அப்புறம் இடம் தேடலாம்.

அவசரத்தில் தைரியமாகக் கைவைக்கக்கூடியவை: சுழற்சி முடிந்த பழைய லாக், டெம்ப் ஃபோல்டர், இறக்கிவைத்த அப்டேட் பொதிகள், அட்மின்களின் ரீசைக்கிள் பின். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஷேர் வழியாக யூசர் அழிக்கும் ஃபைல் சர்வரின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அப்படியே போய்விடும். ஆனால் சர்வரிலேயே லாகின் செய்து அழித்தால் அது பின்னில்தான் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு அட்மினுக்கும் தனித்தனியாக.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு. "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்" ஃபோல்டருக்கு அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து கையால் எதையும் அழிக்காதீர்கள். ஷேடோ காப்பியும் (விண்டோஸ் அவ்வப்போது பிடித்துவைக்கும் பழைய நிலை) டீடூப்ளிகேஷன் துண்டுகளும் (பல ஃபைல்களில் ஒரே மாதிரி இருப்பதை ஒருமுறை மட்டும் சேமித்தவை) அங்கேதான் இருக்கின்றன, ஒரு துண்டு போனால் அதைப் பகிர்ந்துகொண்டிருந்த எல்லா ஃபைலும் போச்சு. டேட்டாபேஸின் ட்ரான்ஸாக்ஷன் லாகும் அப்படித்தான், பெயரில் லாக் என்று இருக்கிறதே தவிர அது குப்பை இல்லை.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் இன்னொரு தொல்லை: முழுக்க நிரம்பிவிட்டால் அழிக்கும் கட்டளையே "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று மறுக்கலாம். இவை பழைய இடத்தின் மேலேயே திருத்தி எழுதுவதில்லை, அழிப்பதைப் பதிவு செய்யவும் புதிதாகக் கொஞ்சம் இடம் வேண்டும். அப்போது வழி, தேவையில்லாத பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைத்தது) ஒன்றை நீக்குவது, அல்லது ஸ்னாப்ஷாட்டில் இல்லாத பெரிய ஃபைல் ஒன்றை "ட்ரன்கேட்" செய்து பூஜ்ஜியம் ஆக்குவது. இதற்கு முன்னேற்பாடாக இசட்எஃப்எஸ்ஸில் காலியான ஒரு டேட்டாசெட்டுக்கு (அதற்குள் பிரித்துவைக்கும் தனிப் பகுதி) சில ஜிபி ரிசர்வேஷன் கொடுத்து வைத்துவிடுங்கள், மூச்சு முட்டும் நேரத்தில் அதை எடுத்துவிட்டால் உடனே இடம் கிடைக்கும். லினக்ஸின் எக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்களில் இதே காரியத்துக்கு 10 ஜிபி அளவில் ஒரு வெற்று ஃபைலைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் அசிங்கமான உத்தி, ஆனால் வேலை செய்யும்.

"10 சதவீதம்தான் மிச்சம் என்கிறது, பார்த்தால் 2 டிபி காலியாக இருக்கிறது"

இங்கே பழுது எதுவும் இல்லை, வரம்புதான் தவறு. விண்டோஸ் சர்வரில் சிஸ்டம் ஈவண்ட் லாகில் எஸ்ஆர்வி என்ற மூலத்திலிருந்து 2013 என்ற எண்ணோடு "டிஸ்க் நிரம்பும் நிலையில் இருக்கிறது, சில ஃபைல்களை அழிக்க வேண்டியிருக்கலாம்" என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரும். அது வருவது சர்வர் சர்வீஸிலிருந்து. காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் எழுதும் என்பது அதன் இயல்பான அமைப்பு. மாற்ற வேண்டுமென்றால் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், லேன்மேன்சர்வர், பாராமீட்டர்ஸ் என்று இறங்கி, அங்கே "டிஸ்க்ஸ்பேஸ்த்ரெஷோல்ட்" என்று இடைவெளி இல்லாமல் ஒரு டிவேர்ட் மதிப்பை உருவாக்கி, 0 முதல் 99 வரை ஒரு சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். பதின்ம எண்ணாகக் கொடுக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரிஜிஸ்ட்ரி எடிட்டர் இயல்பாக ஹெக்ஸில் நிற்கும், அங்கே 10 என்று அடித்தால் 16 ஆகிவிடும். 0 கொடுத்தால் எச்சரிக்கை நின்றுவிடும். மாற்றியபின் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது.

இதில் பெரிய குறை, இந்த ஒரே எண் அந்த சர்வரின் எல்லா டிரைவுக்கும் பொருந்தும் என்பதுதான். 100 ஜிபி சி டிரைவுக்கு 10 சதவீதம் என்றால் 10 ஜிபி, உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அளவு. 20 டிபி டேட்டா டிரைவுக்கு அதே 10 சதவீதம் 2 டிபி, அது பல மாதங்களுக்குப் போதும். பெரிய டிரைவுக்காக 2 சதவீதமாகக் குறைத்தால் சி டிரைவில் 2 ஜிபி மிச்சம் இருக்கும்போதுதான் எச்சரிக்கை வரும், அதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் என் கருத்து, இந்த ரிஜிஸ்ட்ரி எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், உண்மையான அலர்ட்டை மானிட்டரிங் கருவியில் டிரைவ் வாரியாக வையுங்கள், அங்கே சதவீதமும் ஜிபியும் இரண்டுமே எல்லை தாண்டினால்தான் அலர்ட் என்று கொடுங்கள். "10 சதவீதத்துக்குக் கீழே, அதோடு 200 ஜிபிக்கும் கீழே" என்று கொடுத்தால் பெரிய டிரைவ் வீணாகக் கத்தாது. சிறிய டிரைவில் ஜிபி நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும், ஆகவே சதவீதம் தீர்மானிக்கும்.

எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் பட்டை சிவப்பாவதும் 10 சதவீதத்துக்குக் கீழேதான், அதையும் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பதறாதீர்கள்.

"அலர்ட் எதுவும் வரவில்லை, ஆனால் யூசருக்கு இடமில்லை என்று வருகிறது"

இதுதான் மோசமானது, காரணங்களும் நிறைய.

எக்ஸ்டி4 என்றால் முதல் சந்தேகம் ரிசர்வ்டு பிளாக்ஸ். உருவாக்கும்போதே 5 சதவீதத்தை ரூட்டுக்காக, அதாவது லினக்ஸின் அட்மின் அக்கவுண்டுக்காக, ஒதுக்கிவிடும். சாதாரண யூசரின் ப்ராசஸுக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது, ஆனால் மொத்தத்தில் காலி என்று எண்ணினால் 5 சதவீதம் இன்னும் இருக்கிறது. உங்கள் மானிட்டரிங் "ஃப்ரீ" என்ற எண்ணை எடுக்கிறதா, "அவெய்லபிள்" என்ற எண்ணை எடுக்கிறதா என்று பாருங்கள். ப்ரோமிதியஸ் என்ற மானிட்டரிங் கருவியின் நோட் எக்ஸ்போர்ட்டர் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கிறது, அலர்ட்டுக்கு எடுக்க வேண்டியது அவெய்லபிள். ஃப்ரீயை எடுத்து 5 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தால் யூசர்கள் முட்டி நின்ற பிறகும் அது கடக்காமலே இருக்கலாம். 4 டிபி டேட்டா டிஸ்கில் 5 சதவீதம் என்பது 200 ஜிபி, அவ்வளவு ஒதுக்கத் தேவையில்லை. "ட்யூன்2எஃப்எஸ்" கட்டளையின் "எம்" ஆப்ஷனில் 1 கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைத்துவிடலாம். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் இதைத் தொடாதீர்கள், யூசர் நிரப்பிய நேரத்தில் சிஸ்டம் சர்வீஸ்கள் மூச்சுவிட அந்த இடம்தான் உதவும்.

இரண்டாவது, ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்புப் பதிவு. பைட் கணக்கில் பாதி காலி, ஆனால் அதே "நோ ஸ்பேஸ்" செய்தி வருகிறது என்றால் "டிஎஃப்" கட்டளைக்கு "ஐ" ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்டி4 பொதுவாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்ற கணக்கில் உருவாக்கும், பெரிய டிஸ்க் என்றால் இன்னும் குறைவாக. யாராவது பெரிய ஃபைல்களுக்கென்று "லார்ஜ்ஃபைல்4" வகையில் உருவாக்கியிருந்தால் 4 எம்பிக்கு ஒன்றுதான், அதாவது 1 டிபிக்கு ஏறக்குறைய 2.6 லட்சம் ஃபைல்களோடு தீர்ந்துவிடும். இந்த எண்ணிக்கையை ஃபைல் சிஸ்டத்தின் அளவைக் கூட்டாமல் பின்னால் மாற்ற முடியாது, சிறிய ஃபைல்களைத் திரட்டிக் கட்டுவது அல்லது புதிதாக ஃபார்மட் செய்வதுதான் வழி. எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோட் உருவாக்கிக்கொள்ளும், அங்கே இந்தத் தலைவலி அரிது. எதுவானாலும் ஐநோட்டுக்கும் தனியாக ஒரு அலர்ட் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கோட்டா, அதாவது ஒரு ஃபோல்டருக்கோ யூசருக்கோ போடும் இட உச்சவரம்பு. விண்டோஸில் ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜரில் ஒரு ஃபோல்டருக்கு ஹார்ட் கோட்டா போட்டிருந்தால், அதை மேப் செய்த யூசருக்குக் கோட்டாவின் அளவுதான் டிஸ்கின் அளவாகத் தெரியும். நீங்கள் சர்வரில் 3 டிபி காலி என்று பார்க்கிறீர்கள், அவர் 0 பார்க்கிறார், இரண்டு பேரும் சொல்வது உண்மை. சாம்பாவும் யூசர் கோட்டாவை இப்படித்தான் காட்டும். இன்னொன்று, அந்த ரிசோர்ஸ் மேனேஜரில் 85, 95, 100 சதவீதத்தில் மெயில் போக வேண்டும் என்று டெம்ப்ளேட்டில் இருந்தாலும், ஆப்ஷன்ஸில் எஸ்எம்டிபி சர்வர் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால் ஒரு மெயிலும் போகாது. அதோடு ஒரே விஷயத்துக்கு அடுத்தடுத்து மெயில் அனுப்பாமல் 60 நிமிட இடைவெளி விடுவதும் அதன் இயல்பு.

நான்காவது, டிரைவ் எழுத்து இல்லாமல் ஃபோல்டரில் மவுண்ட் செய்த (இணைத்த) வால்யூம். பல ஸ்க்ரிப்ட்கள் சி, டி, ஈ என்று எழுத்துள்ள டிரைவ்களை மட்டும்தான் பார்க்கின்றன. ஷேரின் ஒரு ஃபோல்டர் வேறு வால்யூமில் இருந்தால் அது அலர்ட்டின் கண்ணிலேயே படாது.

ஐந்தாவது, தின் ப்ரொவிஷனிங், அதாவது பெரிய டிஸ்க் என்று காட்டிவிட்டு, எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்குவது. விர்ச்சுவல் மெஷினுக்குள் பார்த்தால் நிறைய இடம், ஆனால் கீழே இருக்கும் டேட்டாஸ்டோர் நிரம்பி மெஷினே நின்றுவிட்டது. உள்ளே வைத்த எந்த வரம்பும் இதைப் பிடிக்காது, கீழ் அடுக்கில்தான் அலர்ட் வேண்டும். லினக்ஸ் எல்விஎம் தின் பூல் என்றால் "எல்விஎஸ்" காட்டும் டேட்டா சதவீதம், மெட்டாடேட்டா (டேட்டா எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள்) சதவீதம் இரண்டையும் பாருங்கள். பூல் தானாக நீளும் வசதியின் வரம்பு இயல்பாக 100 என்றிருக்கும், அதற்கு அர்த்தம் அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறது என்பது.

"அழித்தேன், இடம் திரும்பி வரவில்லை"

லினக்ஸில் பெரும்பாலும் ஒரே காரணம்: அழித்த ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. "எல்எஸ்ஓஎஃப்" கட்டளைக்கு "+எல்1" கொடுத்தால் இப்படிப் பெயரிழந்து தொங்கும் ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வரும், அளவோடு. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். செய்ய முடியாத சர்வீஸ் என்றால் ப்ராக் ஃபோல்டரில் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் இருக்கும் எஃப்டி வழியாக அந்த ஃபைலை ட்ரன்கேட் செய்யலாம், ஆனால் அது லாகாக இருந்தால் மட்டும். அடுத்த தடவை ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்காமல் காலி செய்யுங்கள், அதாவது ஃபைல் இருக்கட்டும், உள்ளடக்கம் மட்டும் போகட்டும்.

இதுவும் இல்லையென்றால் ஸ்னாப்ஷாட். நேற்றைய ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்திருக்கும் ஃபைலை இன்று அழித்தால் ஒரு பைட்டும் விடுபடாது, இது பழுதில்லை, ஸ்னாப்ஷாட் இருப்பதே இதற்குத்தான். இசட்எஃப்எஸ்ஸில் "இசட்எஃப்எஸ் லிஸ்ட்" கட்டளைக்கு "ஓ ஸ்பேஸ்" ஆப்ஷன் கொடுத்தால் டேட்டாசெட் பிடித்தது எவ்வளவு, ஸ்னாப்ஷாட்கள் பிடித்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். இங்கே ஒரு குழப்பம் வரும்: ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டின் அளவையும் தனியாகக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். காரணம், இரண்டு ஸ்னாப்ஷாட்கள் பகிர்ந்துகொள்ளும் இடம் எந்த ஒன்றின் கணக்கிலும் வராது, இரண்டும் போனால்தான் விடுபடும். ஆகவே ஒன்றை நீக்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். நீக்குவதற்கு முன் "டெஸ்ட்ராய்" கட்டளையை "என்வி" ஆப்ஷனோடு, இதிலிருந்து அதுவரை என்று ஒரு ஸ்னாப்ஷாட் வரிசைக்கு ஓட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லிவிடும், எதையும் அழிக்காது. இதே காரணத்தால்தான் முதல் பகுதியில் சொன்ன வெற்று ஃபைல் உத்தி ஸ்னாப்ஷாட் எடுக்கும் வால்யூமில் எடுபடாது.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் வேறு மாதிரி. டேட்டாவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் தனித்தனியாகத் துண்டு ஒதுக்கும், டேட்டா துண்டுகள் பாதி காலியாக இருந்தும் மெட்டாடேட்டாவுக்கு ஒதுக்கப் புதிய துண்டு இல்லாமல் நிற்கும். "ஃபைல்சிஸ்டம் யூசேஜ்" பார்த்துவிட்டு, "பேலன்ஸ்" கட்டளையை "டியூசேஜ்" 5, 10 என்று சிறிய எண்ணிலிருந்து தொடங்குங்கள். நேராக முழு பேலன்ஸ் ஓட்டினால் நாள் முழுக்க ஓடும், பலனும் பெரிதாக இருக்காது.

விண்டோஸில் டீடூப்ளிகேஷன் போட்டிருந்தால், அழித்த ஃபைலின் துண்டுகள் கார்பேஜ் கலெக்ஷன் ஓடும்வரை அப்படியே கிடக்கும். அது இயல்பாக வாரம் ஒருமுறை, சனிக்கிழமை அதிகாலை 2:35-க்கு ஓடும்படி அமைந்திருக்கிறது. அதனால் திங்களன்று 500 ஜிபி அழித்துவிட்டுக் காத்திருப்பவர் பவர்ஷெல்லில் "ஸ்டார்ட்-டீடூப்ஜாப்" கட்டளையை கார்பேஜ் கலெக்ஷன் வகையில் தானே ஓட்ட வேண்டும். இடம் செய்வதற்காக ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகர்த்துகிறவர்களும் கவனியுங்கள்: இங்கே 200 ஜிபி பிடித்தது அங்கே போய் முழு அளவுக்கு விரியும், இங்கே அந்த 200-ம் உடனே காலியாகாது, பகிர்ந்த துண்டுகள் இருந்தால் எப்போதும் முழுதாகக் காலியாகாது.

சாம்பாவில் "ரீசைக்கிள்" மாட்யூல் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஷேருக்குள்ளேயே ஒளிந்த ஃபோல்டர் ஒன்றில் அழித்ததெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும், பழையதை அது தானாகக் கழிக்காது, அதற்கு நீங்கள்தான் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) எழுத வேண்டும்.

"கூட்டினால் கணக்கு உதைக்கிறது"

ஃபோல்டர்களைக் கூட்டினால் 6 டிபி, டிஸ்க் சொல்வது 7.5 டிபி. விண்டோஸில் அந்த வித்தியாசம் முக்கால்வாசி நேரம் ஷேடோ காப்பிதான். அட்மினாக "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்" ஓட்டினால் பயன்படுத்தியது, ஒதுக்கியது, உச்சவரம்பு மூன்றும் வரும். மிச்ச வித்தியாசம் உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்கள். அளவெடுக்கும் கருவி அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கும்.

லினக்ஸில் "டியூ" குறைவாகவும் "டிஎஃப்" அதிகமாகவும் காட்டினால் முன்பு சொன்ன திறந்த ஃபைல்கள் முதல் காரணம். இரண்டாவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. பேக்கப் டிஸ்க் ஒருநாள் மவுண்ட் ஆகவில்லை, பேக்கப் ஸ்க்ரிப்ட் அதைக் கவனிக்காமல் வெற்று ஃபோல்டருக்குள் எழுதியது, அதாவது ரூட் பார்ட்டிஷனில். அடுத்த நாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அதன் அடியில் அந்த ஃபைல்கள் மறைந்துவிட்டன, எந்தக் கருவியிலும் தெரியாது. ரூட்டை வேறொரு இடத்தில் "பைண்ட்" மவுண்ட் செய்து அங்கே போய்ப் பார்த்தால் தெரியும்.

4 டிபி டிஸ்க் வாங்கி 3.63 தான் தெரிகிறது என்பது வேறு கதை, ஒருவர் ஆயிரத்தில் எண்ணுகிறார், இன்னொருவர் 1024-ல் எண்ணுகிறார். ஆனால் வரம்பை ஜிபியில் வைக்கும்போது உங்கள் கருவி எதில் எண்ணுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"ராத்திரி முழுக்க அலர்ட், காலையில் பார்த்தால் ஒன்றுமில்லை"

ஏதோ ஒன்று தற்காலிகமாக இடம் பிடித்துவிட்டு விடுகிறது. பேக்கப் எடுக்கும் நேரத்து ஸ்னாப்ஷாட், பெரிய ஆர்கைவ் ஒன்றை அவிழ்ப்பது, டேட்டாபேஸ் டம்ப், இப்படி. காலி இட வரைபடத்தை ஒரு வாரத்துக்குப் போட்டால் பள்ளம் தினமும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று தெரியும், அந்த நேரத்தில் எந்த ஷெட்யூல் ஓடுகிறது என்று பார்த்தால் ஆள் கிடைத்துவிடும். பள்ளத்தின் அடிமட்டம்தான் உங்கள் உண்மையான காலி இடம், பகல் 11 மணிக்குப் பார்க்கும் எண் இல்லை.

அலர்ட் வருவதும் போவதுமாக இருந்தால் வரம்புக்கு இரண்டு எண் கொடுங்கள்: 15 சதவீதத்துக்குக் கீழே போனால் எழுப்பு, 18-ஐத் தாண்டினால்தான் அணை. அதோடு 10 நிமிடமாவது அந்த நிலை நீடித்தால்தான் மெயில் என்று வைக்கலாம். கடைசி, ஆபத்தான வரம்புக்கு மட்டும் இந்தத் தாமதம் வேண்டாம்.

"பழைய வெர்ஷன்கள் காணாமல் போகின்றன, ரெப்ளிகேஷன் இழுக்கிறது"

வால்யூமில் இடம் இருந்தும் அதற்குள் இருக்கும் சிறிய வரம்புகள் நிரம்பும் கதை இது. பழைய வெர்ஷன்களைக் கொடுக்கும் ஷேடோ காப்பிக்கு இயல்பான உச்சவரம்பு வால்யூமின் 10 சதவீதம், ஷேர்டு ஃபோல்டருக்கு எடுப்பவை 64-க்கு மேல் நிற்காது. மாற்றம் அதிகமான நாளில் வரம்பை எட்டினால் பழையவை தானாகப் போய்விடும், யாரிடமும் கேட்காது. டிஃப்ராக் ஓட்டியதும் பழையவை மொத்தமாகக் காணாமல் போகின்றன என்றால் கிளஸ்டர் (டிஸ்க் இடத்தை ஒதுக்கும் மிகச்சிறிய அலகு) அளவைப் பாருங்கள், 16 கேபிக்குக் குறைவாக இருந்தால் டிஃப்ராக் நகர்த்துவதைக்கூட ஷேடோ காப்பி மாற்றமாக எண்ணிவிடும். அவசரத்தில் உச்சவரம்பைக் குறைத்து இடம் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், குறைத்த நொடியில் பழைய வெர்ஷன்கள் போய்விடும்.

சர்வர்களுக்கு இடையே ஃபோல்டர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஸ்டேஜிங் இடம் (அனுப்பும் ஃபைல்களைத் தற்காலிகமாக வைப்பது) இயல்பாக 4 ஜிபி. அதில் 90 சதவீதம் நிரம்பினால் 4202 ஈவண்ட் எழுதிவிட்டு 60 சதவீதம் வரை சுத்தம் செய்யும், முடித்ததும் 4204 வரும். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் பலமுறை வந்தால், அல்லது 4208 வந்தால் ஸ்டேஜிங் போதவில்லை. அந்த ஃபோல்டரின் மிகப்பெரிய 32 ஃபைல்களின் மொத்த அளவாவது இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. அப்படிக் கூட்டும்போது வால்யூமின் காலி இட வரம்பையும் அதற்கேற்ப நகர்த்த மறக்காதீர்கள்.

விண்டோஸின் சி டிரைவ், லினக்ஸில் லாக் போன்றவை சேரும் வார் பார்ட்டிஷன் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸில் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் தொடாமல் "டிஸ்ம்" கொண்டு சுத்தம் செய்யுங்கள், ஐஐஎஸ் லாகும் மெமரி டம்பும் பாருங்கள். லினக்ஸில் "ஜர்னல்சிடிஎல்" வாக்யூம். டேட்டாவை அந்த டிரைவில் வைத்திருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.

சரி, வரம்பை எவ்வளவு வைப்பது?

இரண்டு எண் தெரிந்தால் போதும்: ஒரு நாளைக்கு எவ்வளவு கூடுகிறது, கூடுதல் இடம் கிடைக்க எத்தனை நாளாகும். தினமும் 30 ஜிபி கூடுகிறது, ஒப்புதல் வாங்கி டிஸ்க் வந்து சேர்த்து முடிக்க 45 நாள் ஆகும் என்றால், முதல் எச்சரிக்கை 1,350 ஜிபி மிச்சம் இருக்கும்போது வர வேண்டும். 20 டிபி வால்யூமில் அது 7 சதவீதத்துக்கும் குறைவு. அதே 45 நாள், 500 ஜிபி வால்யூம், தினம் 8 ஜிபி என்றால் 360 ஜிபி, அதாவது 72 சதவீதம் காலியாக இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும்! 10 சதவீதம் என்ற எண் இந்த இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை.

இரண்டாவது, அவசர வரம்பு. இதற்குச் சராசரி நாள் வேண்டாம், மோசமான நாளை எடுங்கள். மோசமான நாளில் 150 ஜிபி வரும், வார இறுதியில் 60 மணி நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் 375 ஜிபி. யாரோ தவறுதலாக எதையோ காப்பி செய்வதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 1 ஜிகாபிட் லைனில் ஒரே ஒருவர் மணிக்குக் கிட்டத்தட்ட 400 ஜிபி தள்ள முடியும், 100 ஜிபி மிச்சம் கால் மணி நேரத்தில் காலி. மணிக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் மானிட்டரிங் இதைப் பிடிக்காது, 10 ஜிகாபிட் லைன் என்றால் 5 நிமிடமே நீளம். இதற்கு வரம்பைக் கூட்டுவதைவிடக் கோட்டா போடுவதுதான் சரியான மருந்து.

ப்ரோமிதியஸில் "பிரெடிக்ட் லீனியர்", இன்னொரு மானிட்டரிங் கருவியான ஜாபிக்ஸில் "டைம்லெஃப்ட்" என்று, இப்போதைய வேகத்தில் போனால் எப்போது நிரம்பும் என்று கணிக்கும் வசதி இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேர டேட்டாவைக் கொடுத்தால் ஒரு பெரிய காப்பியைப் பார்த்துப் பதறும், ஒரு மாத டேட்டாவைக் கொடுத்தால் இன்று நடக்கும் விபத்தைக் கவனிக்காது. நிலையான ஜிபி வரம்பு ஒன்று அடியில் இருக்கட்டும், கணிப்பு மேலே.

ஃபைல் சிஸ்டத்தின் குணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசட்எஃப்எஸ் பூல் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பும்போது எழுதும் வேகம் குறையத் தொடங்கலாம், துண்டு துண்டாகக் காலி இடம் இருந்தால் இன்னும் மோசம். விண்டோஸின் டிஃப்ராக் முழுமையாக வேலை செய்ய 15 சதவீதம் காலி கேட்கும். எனவே மேலே வந்த கணக்கு 7 சதவீதம் என்று சொன்னாலும் இசட்எஃப்எஸ்ஸில் நான் 15-க்குக் கீழே போக மாட்டேன்.

யாருக்கு மெயில் போகிறது என்பதையும் தீர்மானியுங்கள். முதல் எச்சரிக்கை ராத்திரி யாரையும் எழுப்பக் கூடாது, டிக்கெட்டாக விழுந்தால் போதும். அவசர வரம்பு போனில் வர வேண்டும். இரண்டும் ஒரே மெயில்பாக்ஸுக்குப் போனால் ஒரு மாதத்தில் யாரோ அதற்கு ஒரு ஃபில்டர் போட்டுவிடுவார்கள்.

வைத்த பிறகு ஒருமுறை சோதித்துப் பாருங்கள், வேலை நேரத்தில், சொல்லிவிட்டு. என்டிஎஃப்எஸ்ஸில் "எஃப்எஸ்யூடில் ஃபைல் கிரியேட்நியூ", எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ்ஸில் "எஃப்அலொகேட்" கொண்டு வரம்பைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, அலர்ட் வருகிறதா, எத்தனை நிமிடத்தில் வருகிறது, அழித்ததும் அணைகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் போட்ட இசட்எஃப்எஸ்ஸில் பூஜ்ஜியங்களால் ஆன ஃபைல் இடமே பிடிக்காது, தாறுமாறான பைட்களைக் கொடுக்கும் "யூராண்டம்" இலிருந்து எழுதினால்தான் சோதனை நடக்கும். அதை ஸ்னாப்ஷாட் ஷெட்யூல் ஓடும் நேரத்தில் மட்டும் செய்யாதீர்கள், சோதனை ஃபைல் ஸ்னாப்ஷாட்டில் மாட்டிக்கொண்டு அந்த ஸ்னாப்ஷாட் காலாவதியாகும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.